கணினிக்கு விதிக்கப்பட்ட முதுமை

சென்னையில் மத்திய கைலாசத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வழியே தெற்கே போகிறவர்கள், டைடல் பார்க்கைத் தாண்டிப் பெருங்குடியை அடையும்போது, கண்ணாடி மாளிகைகளாக எழும்பி நிற்கும் மென்பொருள் அலுவலகங்களையே பெரும்பாலும் காண்கிறார்கள். ஆனால் அந்தப் பிரதான சாலையை விட்டுப் பக்கத்துத் தெருக்களுக்குள் நுழைந்தால், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதும், வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும், கல்யாணப் பத்திரிகை தயார் செய்து கொடுப்பதுமாக ஜீவனம் நடத்துகிற சின்னஞ்சிறு கடைகளில், எட்டு ஆண்டு, பத்து ஆண்டு உழைத்தும் சளைக்காத கணினிகளைக் காணலாம். அவற்றில் பலவற்றை இயக்கிவந்த விண்டோஸ் 10 என்ற மென்பொருளுக்கு, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு தன் வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது.

இயக்குதளம் என்றும், கடைக்காரர்கள் வாயில் ஓ.எஸ். என்றும் வழங்கும் இந்த அடிப்படை மென்பொருள்தான் விசைப்பலகையின் தட்டலை எழுத்தாக்குவதும், கோப்புகளை வட்டில் ஒழுங்காக வைப்பதும், அச்சு இயந்திரத்துக்குக் கட்டளை அனுப்புவதும், மற்ற மென்பொருள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும். அதில் காலப்போக்கில் ஓட்டைகள் தென்படும். அவற்றை அடைக்கும் திருத்தங்கள் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். ஆதரவு முடிந்தது என்றால் கணினி நின்றுவிட்டது என்று அர்த்தமல்ல. இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா என்பதே அர்த்தம். வங்கிக் கணக்கும் வாடிக்கையாளரின் சான்றிதழ்களும் புழங்குகிற இயந்திரத்துக்கு இது அற்ப விஷயமல்ல.

அப்படியானால் அடுத்த பதிப்புக்கு மாறிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். 2021 அக்டோபர் 5ஆம் தேதி வெளியான விண்டோஸ் 11, விலை கேட்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்கவேண்டும், செயலி ஒரு குறிப்பிட்ட பட்டியலில் இடம்பெற்றிருக்கவேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். இன்டெல் செயலிகளில் அந்தப் பட்டியல், சில விலக்குகள் நீங்கலாக, 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பமாகிறது. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் கீழ் 2018க்கு முன் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வாசலுக்கு வெளியே நிற்பவை.

அந்தச் சில்லின் நோக்கத்தை நான் குறைகூறவில்லை. ரகசியச் சாவிகளை மென்பொருளின் கைக்கு எட்டாத தனி அறையில் பூட்டிவைப்பது அது. கணினி திருடுபோனாலும் உள்ளிருக்கும் தஸ்தாவேஜுகள் திருடனுக்குப் பயன்படாமல் காப்பதற்கு அது உதவுகிறது. ஆனால் இந்த நிபந்தனைகளைச் சாமர்த்தியமாகத் தாண்டி, பட்டியலில் இல்லாத பழைய கணினிகளில் விண்டோஸ் 11ஐ நிறுவியவர்கள் பலர் இருக்கிறார்கள். அது அங்கே ஓடவும் செய்கிறது. ஆகவே அந்த இயந்திரங்களால் முடியாது என்பதல்ல, அவற்றை அனுமதிப்பதில்லை என்பதே உண்மை. பாதுகாப்புக் குறைவு என்று எச்சரித்துவிட்டு முடிவை உடைமைக்காரரிடம் விட்டிருக்கலாம். அந்த உரிமையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதில்தான் இந்த மேம்பாட்டின் ஆதாரப் பிழை இருப்பதாக நான் கருதுகிறேன்.

உள்ளே அனுமதி பெற்றவர்களுக்கும் நிம்மதி கிட்டியதாகச் சொல்வதற்கில்லை. வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியல் சுருக்கப்பட்டு, பழகிய கட்டளைகள் பல இன்னொரு படிக்குக் கீழே ஒளித்துவைக்கப்பட்டன. திரையின் அடியிலிருக்கும் பட்டையைப் பக்கவாட்டிலோ மேலேயோ நகர்த்திக்கொள்ளும் வசதி, பல ஆண்டுகளாக இருந்தது, பறிபோயிற்று. முதல்முறை நிறுவும்போதே இணையத் தொடர்பும் அந்த நிறுவனத்தின் கணக்கும் வேண்டும் என்ற கட்டாயம், முதலில் வீட்டுப் பதிப்புக்கும் பிறகு தொழில் பதிப்புக்கும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் சிறிய காரியமே. ஆனால் ஒரு நாளைக்கு நூறு விண்ணப்பம் நிரப்புகிறவருடைய கை, மனத்தின் உத்தரவுக்குக் காத்திராமல் தானே இடமறிந்து செல்வது. வித்துவானுக்குத் தெரியாமல் வீணையின் மெட்டுகளை இடம் மாற்றிவைத்துவிட்டு, இது முன்னைவிட அழகாக இருக்கிறது என்றால் அவர் எப்படி வாசிப்பார்?

இது புதிய வியாதியும் அல்ல. 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8, தொடுதிரைக்காக வகுத்த முகப்பை எலியும் விசைப்பலகையும் கொண்ட மேசைக் கணினிகளின் மீதும் ஏற்றி, பதினேழு ஆண்டுக் காலம் திரையின் இடது மூலையில் இருந்த ‘ஸ்டார்ட்’ பொத்தானையே நீக்கிற்று; கண்டனம் தாங்காமல் மறு ஆண்டு 8.1இல் அந்தப் பொத்தான் திரும்பியது. 2016இல் விண்டோஸ் 10க்கு மாறுமாறு அழைக்கும் அறிவிப்பை, மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடியவர்களும் சம்மதித்தவர்களாகவே கொள்ளப்பட்டார்கள். மூடுவது என்றால் மறுப்பது என்று உலகம் முழுவதும் பழகியிருந்த குறிக்கு, ஒரு நாளில் நேர்மாறான பொருள் கற்பிக்கப்பட்டது.

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது 2018 அக்டோபர் சம்பவம். அப்போது வந்த விண்டோஸ் 10 மேம்பாடு, ஆவணங்களையும் படங்களையும் வைக்கும் கோப்புறைகளை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டிருந்த சிலருடைய கணினிகளில், பழைய இடம் வெறுமையாகத்தான் இருக்கும் என்று தானே அனுமானித்து, அங்கே மிஞ்சியிருந்த கோப்புகளை அடியோடு அழித்தது. சில நாட்களிலேயே வினியோகம் நிறுத்திவைக்கப்பட்டது. வேதனை என்னவென்றால், முன்னோட்டப் பதிப்பைச் சோதித்துப் பார்த்த தன்னார்வலர்கள் சிலர் இதே இழப்பை முன்கூட்டியே தெரிவித்திருந்தார்கள். புகார்களுள் பலர் ஆமோதித்தவையே மேலெழும்பும் ஏற்பாட்டில், சிலருக்கு மட்டும் நேர்ந்த பெருநஷ்டம் அடியில் தங்கிவிட்டது. புகாரின் எண்ணிக்கையை மட்டுமன்றிக் கடுமையையும் குறிப்பிடும் வசதியை அந்த நிறுவனம் அதன் பிறகுதான் சேர்த்தது. கோடிக்கணக்கானோருக்குப் பொதுவாக ஒன்றைச் செய்கிறவர்கள் சிறுபான்மையோரின் துன்பத்தை எப்படித் தவறவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

தமிழில் தொழில் செய்கிறவர்கள் அத்தகைய சிறுபான்மையினர். யூனிகோட் பரவுவதற்கு முன், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கமும் எழுத்துருவும் விசைப்பலகையும் வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தரப்படுத்தப்பட்ட பிறகும் பழைய முறைகள் மறைந்துவிடவில்லை. டி.டி.பி. கடைகளில் இன்றைக்கும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும், கணினியின் பின்புறம் செருகினால்தான் இயங்குகிற ‘டாங்கிள்’ பூட்டுடன் கூடிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் உழைத்துக்கொண்டிருக்கக் காண்கிறோம். அவற்றை ஆக்கியோர் சிலர் கடையையே மூடிவிட்டதால், புதிய பதிப்புக்கு இடமே இல்லை. விண்டோஸ் 11 முற்றிலும் 64 பிட் அமைப்பில் ஆனது. 32 பிட் விண்டோஸுக்காக எழுதிய டாங்கிள் இயக்கியும் அச்சு இயந்திர இயக்கியும் அதில் செல்லுபடியாகா. ஆகவே கணினியை மாற்றும் செலவோடு, அச்சு இயந்திரம், மென்பொருள், இருபது ஆண்டாகச் சேர்த்துவைத்த பத்திரிகை மாதிரிகள் ஆகிய அனைத்தும் ஒரே சமயத்தில் பிரயோஜனமற்றுப் போகின்றன. விலாசத்தை மட்டும் மாற்றி அரைமணியில் முடித்துக்கொடுத்த வேலையைப் புதிதாக முதலிலிருந்து தட்டச்சு செய்யவேண்டியதாகிறது.

கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரித்தால் ‘மெஷினையே மாத்திடுங்க சார்’ என்பதுதான் சுலபமான பதில். மாற்றப்படும் இயந்திரம் எங்கே போகிறது? விண்டோஸ் 10க்கு ஆதரவு நிற்பதால் உலகில் ஏறக்குறைய 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கானலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. பெருங்குடிவாசிகளுக்கு இது வெறும் எண்ணல்ல. நகரத்துத் தென்பகுதியின் குப்பை பல பத்தாண்டுகளாக வந்து குவிந்த கிடங்கு, 2022இல் ராம்சர் சாசனத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீதே கிடக்கிறது. மின்னணுக் கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்கவேண்டும் என்கின்றன 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகள். ஆயினும் ஈயமும் கேட்மியமும் கலந்த மின்பலகைகள் காயலான்கடை வழியாக எங்கெங்கோ உடைபடுவதை நாம் அறிவோம். சரியாக ஓடுகிற கணினியை ஓடவிடுவதே அந்தச் சதுப்புக்குச் செய்யக்கூடிய முதல் உபகாரம்.

இதற்கு வழியில்லாமலும் இல்லை. டைடல் பார்க்கில் இயங்கும், மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் நிலையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் என்ற பாரத இயக்குதளம் 2007 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு நின்றபோது, தமிழ்நாட்டு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸின் பக்கம் திருப்ப முயன்றதும் உண்டு. மடிக்கணினிகளை லட்சக்கணக்கில் வாங்குகிற அரசாங்கம், இயக்குதள ஆதரவு பத்தாண்டுக்குக் குறையக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், அதைக் கேளாதிருக்க எந்த வியாபாரிக்கும் துணிவு வராது.

கடைக்காரர்கள் அதுவரை காத்திருக்க முடியாது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் பெறலாம். அந்த அவகாசத்துக்குள், பழைய எழுத்துருவில் உள்ள தமிழ்க் கோப்புகளை, சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றி, வேறொரு வட்டிலும் நகல் எடுத்துவைக்கவேண்டும். லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம், வட்டிலுள்ள எதையும் தொடவேண்டியதில்லை. கடையின் அச்சு இயந்திரமும் கைரேகைக் கருவியும் அதில் வேலை செய்கின்றனவா என்று சோதித்துக்கொண்ட பிறகே பழைய இயந்திரத்தின் கதியை முடிவு செய்யவேண்டும்.