அல்பாக்கா குட்டிகள் ஏன் சாகின்றன, எதைத் தடுக்கலாம்?

அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த கம்பளி விலங்கு. திமில் கிடையாது, உயரமும் அதிகமில்லை. உலகில் உள்ளவற்றில் பெரும்பகுதி பெரு நாட்டில், ஆண்டிஸ் மலையின் 4,000 மீட்டர் உயரப் புல்வெளிகளில் மேய்கிறது. பூனோ, குஸ்கோ வட்டாரங்களில் பல குடும்பங்களுக்கு இதுதான் சோறு. அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை ஈனும் காலம். மழைக்காலமும் அதுவே. புல் தழைக்கும் அதே மாதங்களில்தான் குட்டிகளும் சாகின்றன.

ஒரு குட்டி போனால் அவ்வளவு பெரிய இழப்பா? ஆம். சினைக்காலம் பதினொரு மாதத்துக்கும் மேல். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி; இரட்டை மிக மிக அரிது. வெள்ளாடுபோல அடுத்த ஈற்றில் இரண்டாகப் போட்டு ஈடுகட்டாது. ஒரு குட்டி செத்தால் அந்தத் தாயின் ஓராண்டே போனதாகக் கணக்கு.

பிறந்த அன்று முதல் எதிரி குளிர். அல்பாக்கா தாய் குட்டியை நக்கித் துடைக்காது. முகர்ந்து பார்க்கும், மெல்ல முனகும், அவ்வளவுதான். வழவழப்பான மெல்லிய சவ்வு போர்த்தபடி விழும் குட்டியை வெயிலும் காற்றும்தான் உலர்த்த வேண்டும். பெரும்பாலும் காலையிலேயே ஈனுவது அதற்காகத்தான் போலும். மதியத்துக்கு மேல் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டால் குட்டி விறைத்துவிடும். அப்போது நீங்கள்தான் துணியால் துடைத்துக் கூரைக்கடியில் சேர்க்க வேண்டும்.

விறைத்த குட்டிக்கு உடனே பால் புகட்டலாமா? கூடாது. அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் முதலில் உடம்புச் சூடு ஏற வேண்டும், பிறகே பால். குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது.

அடுத்தது சீம்பால். மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கிடைத்துவிடும். அல்பாக்காவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்தாது. ஆகவே குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். அந்தப் புரதங்களை அப்படியே உறிஞ்சும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் 24 மணி நேரம்தான் உண்டு, அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும். எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளில் உள்ளே போக வேண்டும். ஏழு கிலோ குட்டிக்கு ஏறக்குறைய 700 மில்லி.

தாயிடம் பால் இல்லையென்றால்? ஆரோக்கியமான ஆட்டின் சீம்பாலோ மாட்டின் சீம்பாலோ போதும். முன்கூட்டியே உறைய வைத்துக்கொள்வது நல்லது. முதல் நாள் தவறிவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வளர்ந்த அல்பாக்காவின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றலாம்.

குட்டி குடிக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் குட்டியெல்லாம் பால் குடிப்பதாக அர்த்தமில்லை. தராசு பொய் சொல்லாது. முதல் இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள். முதல் நாள் சற்றுக் குறைந்தால் பயமில்லை. அதன் பிறகும் எடை ஏறவில்லையென்றால் ஏதோ கோளாறு.

இதையெல்லாம் தாண்டிய குட்டிக்குத்தான் ஆண்டிஸின் பெரிய கொலையாளி காத்திருக்கிறது: குடல்நச்சு நோய் (குடலில் பெருகும் கிருமி கக்கும் நஞ்சு உடம்பெங்கும் பரவுவது). கிருமியின் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். பிறந்த சில வாரங்களில் தாக்கும். நோஞ்சானைத்தான் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். நன்றாகப் பால் குடித்துக் கொழுகொழுவென்றிருக்கும் குட்டியையும் அள்ளிக்கொண்டு போகும். காலையில் துள்ளிய குட்டி ஒதுங்கிப் படுக்கும், வயிறு உப்பும், தலை பின்னுக்கு வளையும், மாலைக்குள் முடிந்துவிடும். கழிச்சலே இல்லாமலும் சாகலாம். நோய் முற்றிப் பரவிய மந்தைகளில் குட்டிகளில் பாதிகூடப் போனதுண்டு.

நம்மூர் ஆடுகளுக்கு வரும் துள்ளுமாரியும் இதே கிருமியின் வேலைதான், வகை மட்டும் வேறு. துள்ளுமாரிக்குத் தடுப்பூசி இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா? இங்கேதான் சிக்கல். பல நாடுகளில் அல்பாக்காக்களுக்குப் போடும் ஆட்டுத் தடுப்பூசி சி, டி வகைகளுக்கானது. ஆண்டிஸில் குட்டிகளை அதிகம் கொல்வது ஏ வகை. மருந்தும் பெரும்பாலும் எட்டுவதில்லை. நோய் தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

எனவே கைகொடுப்பது கிடை மாற்றுவதுதான். அல்பாக்கா பகலில் குறிப்பிட்ட இடங்களிலேயே சாணமிடும். மேய்ச்சல் நிலம் சுத்தமாக இருக்கும். இரவில் கல்சுவர்க் கிடைக்குள் நெருக்கி அடைத்தால் அந்த நல்ல பழக்கத்தால் பயனில்லை. மழைச் சேற்றோடு சாணம் குழைந்து மடியில் ஒட்டும். குட்டி அதைச் சேர்த்துச் சப்பும். ஈனும் காலத்தில் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை புது மேட்டு நிலத்துக்குக் கிடையை மாற்றுங்கள். முதல் குட்டி செத்த அன்றே மாற்றுங்கள்.

செத்த குட்டியை என்ன செய்வது? காரணம் தெரிய வேண்டுமென்றால் சில மணி நேரத்துக்குள் அறுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கிருமி செத்த உடம்பிலும் பெருகும். நாள் கடந்த உடலில் அதைக் கண்டால் சாவுக்குக் காரணம் அதுதான் என்று சொல்ல முடியாது. மருத்துவர் வரும்வரை குளிரில் வையுங்கள், ஆனால் உறைய விடாதீர்கள். உறைந்த திசு நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு உதவாது. பிறகு ஆழப் புதையுங்கள், அல்லது எரியுங்கள்.

நாய்க்கு மட்டும் போடாதீர்கள். அல்பாக்கா இறைச்சியில் அரிசி மணிபோலத் தெரியும் சார்கோசிஸ்டிஸ் (தசையில் கூடு கட்டும் ஒட்டுண்ணி) பச்சைக் கறியைத் தின்னும் நாயின் குடலில்தான் முதிர்ந்து, அதன் மலத்தின் வழியாக மறுபடியும் புல்லுக்கு வருகிறது.