பழனி மலையின் பாதரச மாசும் குறைமுதலீட்டு இசைக்காணொளிகளும்: சொல்லிசை, மெட்டு, உரிமை

ஆய்வுச்சுருக்கம்

கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசினை முன்வைத்து 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் இரு இசைக்காணொளிகள் வெளிவந்தன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 2017இல் அதே இயக்குநர் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி மற்றொரு காணொளியை உருவாக்கினார். பெருநிறுவன முதலீடின்றி உருவான இம்மூன்றிலும் இசை, படத்திற்குத் துணையாக அமையாமல் படத்தின் அடித்தளமாகவே அமைந்துள்ளது. காட்சியால் எதைச் சொல்ல இயலவில்லை, எவரை நோக்கிப் பேசப்படுகிறது, மெட்டு எவருக்கு உரியது என்னும் மூன்று வினாக்களே குறைமுதலீட்டுப் படத்தின் இசைவடிவத்தைத் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொடைக்கானல், பாதரசம், இசைக்காணொளி, சொல்லிசை, வர்ணமெட்டு, பதிப்புரிமை, பொறம்போக்கு

முன்னுரை

தமிழ்த் திரைப்பட இசை பற்றிய ஆய்வுகள் பெரிதும் இசையமைப்பாளர், பாடலாசிரியர், இராகப் பயன்பாடு ஆகியவற்றையே மையமாகக் கொண்டுள்ளன. பெரிய தயாரிப்பு நிறுவனங்களுக்கு வெளியே, சிறுதொகையில் படம் எடுப்போர் இசையை எவ்வாறு பெறுகின்றனர் என்பது குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது. அவர்களுக்கு இசை என்பது கலைத்தேர்வு மட்டுமன்று. செலவு, சட்டம், சென்றடையும் வழி ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இதனைத் தெளிவாகக் காட்டும் சான்றாகப் பழனி மலையின் பாதரசச் சிக்கலையொட்டி எழுந்த காணொளிகள் அமைகின்றன.

1. சிக்கலின் பின்னணி

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள வாட்டர்டவுன் நகரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 1980களின் முற்பகுதியில் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. பாண்ட்ஸ் நிறுவனத்தின்கீழ் இயங்கிய அது, பின்னர் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பாம்பார்ச் சோலையை ஒட்டியது இத்தொழிற்சாலை வளாகம். இச்சோலையின் நீர் கும்பக்கரை அருவி வழியே சமவெளிக்கு இறங்குகிறது.

2001 மார்ச்சில் முஞ்சிக்கல் பகுதியிலிருந்த பழைய பொருட்கடை ஒன்றில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடப்பது வெளிப்பட்டது. உள்ளூர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் நடத்திய போராட்டத்தைத் தொடர்ந்து அவ்வாண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு மறுசுழற்சிக்காக அமெரிக்காவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். தொழிலாளர் உடல்நலத்திற்குத் தொழிற்சாலையால் தீங்கு நேரவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு.

2. காட்சி சொல்லாததும் சொல்லிசை சொன்னதும்

ரதீந்திரன் ஆர். பிரசாத் இயக்கத்தில் சோஃபியா அஷ்ரஃப் எழுதிப் பாடிய 'கொடைக்கானல் வோண்ட்' காணொளி 2015 ஜூலை 30 அன்று இணையத்தில் வெளியானது. ஜட்கா என்னும் பரப்புரை அமைப்பு இதனை வெளியிட்டது. அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜ் 2014இல் வெளியிட்ட 'அனகோண்டா' பாடலின் தாளப் பின்னணி மீது புதிய ஆங்கிலச் சொற்கள் ஏற்றப்பட்டிருந்தன. சில வாரங்களுக்குள் பல இலட்சம் பேர் இதனைப் பார்த்தனர். நிக்கி மினாஜ் தாமே இதனைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார்.

இவ்விடத்தில் சொல்லிசை என்னும் வடிவம் ஏன் பொருந்தியது? விடை பாதரசத்தின் இயல்பிலேயே உள்ளது. அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும் பாதரசத்தின் ஆவிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மாசடைந்த மண்ணும் மற்ற மண்ணைப் போன்றே தோன்றும். மேலும், கொடைக்கானலின் மூடுபனியையும் ஏரியையும் மரச்செறிவையும் காதற்பாடலின் களமாகக் காண்பதற்குத் தமிழ்த் திரைப்படப் பார்வையாளரின் கண் பல பத்தாண்டுகளாகப் பழகியுள்ளது. ஒளிப்பதிவுக் கருவியை அம்மலையில் எங்குத் திருப்பினாலும் அழகே பதிவாகும், குற்றச்சாட்டு பதிவாகாது. எனவே சான்று கூறும் பொறுப்பு முழுவதும் சொல்லின்மீது விழுகிறது. ஒரே கால அளவில் சொல்லிசை தாங்கும் அசைகள், இழைத்துப் பாடும் பாட்டு தாங்குவதைவிட மிகப் பல. நிறுவனம், கழிவு, தொழிலாளர், இழப்பீடு எனப் பல செய்திகளைச் சில நிமிடங்களுக்குள் அடுக்குவதற்கு இச்செறிவு உதவியது.

3. பழைய மெட்டில் புதுச்சொல்: தமிழ் மரபு

அறிந்த மெட்டில் அரசியற்சொல்லை ஏற்றுவது தமிழுக்குப் புதிதன்று. கீர்த்தனைகளையும் சிந்துகளையும் அச்சிட்ட நூல்களில் பாடலின் தலைப்பிலேயே வர்ணமெட்டைக் குறிப்பிடுவது வழக்கமாக இருந்தது. இசைக்குறியீடு அறியாத வாசகரும் உடனே பாடுவதற்கு இஃது உதவியது. இசையாக்கச் செலவும் இல்லை. நாடகமேடையும் விடுதலை இயக்கமும் இவ்வழியே பாடல்களைப் பரப்பின.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பாரதியிடம் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் பண்ணையடிமையாகிய நந்தனை நிலவுடைமையாளர் கடிந்துரைக்கும் பாடலின் மெட்டில், சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை ஆங்கிலேய அதிகாரி கடிந்துரைப்பதாகப் பாரதி ஒரு பாடல் இயற்றினார். மெட்டை அறிந்தவர் செவியில் ஆண்டையும் அதிகாரியும் ஒருவராயினர். இங்கு மெட்டு வெறும் ஊர்தியன்று; பொருளின் பாதியை அதுவே உரைக்கிறது.

2015 காணொளியை இதனோடு ஒப்பிடுகையில் ஒற்றுமையும் வேற்றுமையும் புலப்படும். பழகிய மெட்டு கேட்போரை உடனே ஈர்க்கிறது என்பது ஒற்றுமை. ஆனால் மூலப்பாடலின் பொருளுக்கும் பாதரச மாசுக்கும் உறவில்லை. மெட்டு இங்குக் கவனத்தை ஈர்க்கும் கருவியாக நிற்கிறது. இவ்வேறுபாடு கலைக்கு மட்டுமன்றிச் சட்டத்திற்கும் முதன்மையானது.

4. மெட்டும் பதிப்புரிமையும்

ஒரு பாடலில் குறைந்தது மூன்று உரிமைகள் அடங்கியுள்ளன. பாடல்வரி இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. பதிவுசெய்யப்பட்ட வடிவம் ஒலிப்பதிவு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இம்மூன்றையும் தனித்தனியே காக்கிறது. முதலிரண்டிற்கும் படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும், ஒலிப்பதிவிற்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகளும் காப்புக்காலமாகும்.

2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 31சி பிரிவு, உரிமத்தொகை செலுத்தி மறுபதிவு செய்ய வழிவகுக்கிறது. ஆயினும் முதற்பதிவு வெளிவந்த ஆண்டிற்குப்பின் ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். உரியவர் இசைவின்றிச் சொல்லையும் இசையையும் மாற்றலாகாது. புதுப்பாடலின் தாளத்தில் புதுச்சொல் ஏற்றும் முயற்சிக்கு இப்பிரிவு உதவாது. 52ஆம் பிரிவு திறனாய்வு முதலிய நோக்கங்களுக்கான நியாயமான பயன்பாட்டை ஏற்கிறது. எனினும் பகடியைப் பெயர்சுட்டிக் குறிப்பிடவில்லை.

இரு தீர்ப்புகள் இங்குக் கருதத்தக்கன. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்திற்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரனின் வழக்கில், மூலத்தை விமர்சிக்கும் நோக்கம் கருதி 1996இல் கேரள உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ராய் ஆர்பிசனின் பாடலைப் பகடி செய்த குழுவைப் பற்றிய கேம்பெல் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1994இல், மூலத்தையே எள்ளும் பகடிக்கும் மூலத்தைப் பயன்படுத்திப் பிறிதொன்றை எள்ளும் அங்கதத்திற்கும் வேறுபாடு கண்டது. பின்னதற்கு இரவல் பெற்றமைக்கான நியாயம் கூடுதலாகத் தேவைப்படும். கொடைக்கானல் காணொளியின் இலக்கு ஒரு நிறுவனமே, மூலப்பாடலன்று. எனவே அது பின்னதன் பக்கமே சாயும். மூலப்பாடகி பகிர்ந்தமை நல்லெண்ணத்தைக் காட்டலாம், உரிமம் ஆகாது. ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் பாடகரிடம் இராது, இசை நிறுவனத்திடமே இருக்கும்.

இதே மலையோடு தொடர்புடைய மற்றொரு நிகழ்வும் இதனை விளக்கும். கொடைக்கானல் குகையில் நிகழும் மலையாளப் படமான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', 'குணா' (1991) படப்பாடலைப் பயன்படுத்தியமைக்காக இளையராஜா 2024 மே மாதம் அறிவிக்கை அனுப்பினார். இசை நிறுவனங்களிடமிருந்து உரிமை பெற்றுள்ளதாகத் தயாரிப்பாளர் தரப்பு கூறியது. வசதி படைத்த படத்திற்கே இச்சிக்கல் நேருமாயின், வழக்கறிஞரை அமர்த்த இயலாத சிறுபடைப்பாளியின் நிலை மேலும் கடினமாகும். இணையத்தளங்கள் ஒலியைத் தானாக ஒப்பிட்டு உரிமையாளரைக் கண்டறியும் நிலையில், விளம்பர வருவாய் உரிமையாளருக்குச் செல்வதைப் பரப்புரைக் காணொளி பொறுத்துக்கொள்ளும். காணொளி முடக்கப்படுவதை அதனால் பொறுக்கவியலாது.

5. பாட்டு முன், படம் பின்

இசைக்காணொளி பொதுவாகப் பாட்டை முதலில் பதிவுசெய்து, படப்பிடிப்பில் அதனை ஒலிக்கவிட்டு, பாடுவோர் வாயசைக்கப் படமாக்கும் முறையில் உருவாகிறது. குறைமுதலீட்டாளருக்கு இதன் பயன் பெரிது. காற்று, மழை, சுற்றுலா ஊர்திகளின் இரைச்சல் ஆகியவை நிறைந்த மலைநகரில் உரையாடலை நேரடியாகப் பதிவுசெய்வது கடினம்; ஒலிவாங்கிக்குக் காற்றுத்தடுப்பும், கேட்டுச் சரிபார்க்கத் தனியொருவரும் தேவை. பாட்டை அமைதியான சிறு அறையில் பதிவுசெய்துவிட்டால் இச்செலவு குறையும்.

கேட்கும் கருவியும் கருதத்தக்கது. இத்தகைய காணொளிகள் பெரும்பாலும் கைப்பேசியிலேயே பார்க்கப்படுகின்றன. அதன் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்சுரங்கள் மங்கும். மெய்யொலிகளைத் தெளிவாக்கும் உயர் அதிர்வெண்கள் நன்கு கேட்கும். எனவே முழக்கத்தைவிடச் சொல்தெளிவிற்கு இடமளிக்கும் ஒலிக்கலவையே நோக்கத்தை நிறைவேற்றும். ஆயினும் இம்முறைக்கு விலையுண்டு. சோலையின் ஒலியும் தொழிலாளியின் பேச்சும் பாட்டின்கீழ் மறைந்துவிடுகின்றன.

6. சொந்த மெட்டு நோக்கி

2017இல் வெளியான 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்' வேறு வழியைத் தேர்ந்தது. கபேர் வாசுகி எழுதிய சொற்களுக்கு ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி என்னும் இராகங்களில் அமைந்த இம்மாலிகையின் மொழி சென்னைப் பேச்சுத்தமிழ். வருவாய்த்துறைக் கலைச்சொல்லாகத் தொடங்கி வசவாக மாறிய 'பொறம்போக்கு' என்னும் சொல்லைச் செவ்வியல் இசை ஏந்தியதே இதன் கருத்தாழம். எண்ணூரில் சாம்பல் கண்ணுக்குத் தெரிகிறது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் காட்சிக்குள் நிற்கின்றன. காட்சியே சாட்சியாவதால் சொல் விரைய வேண்டியதில்லை. இராகம் நின்று இழைய இடம் கிடைக்கிறது. புதிய மெட்டாதலால் இரவல் சிக்கலும் எழவில்லை.

2018இல் வெளியான 'கொடைக்கானல் ஸ்டில் வோண்ட்' இவ்விரு வழிகளையும் இணைத்தது. சோஃபியா அஷ்ரஃபுடன் டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் பங்கேற்றனர். தொழிற்சாலை மண்ணைத் தூய்மையாக்க ஒரு கிலோவிற்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்பது இலக்காக வைக்கப்பட்டிருந்தது. பிரித்தானியக் குடியிருப்பு நிலத்திற்கான அளவு 1 மில்லிகிராம் என்பதைச் செயற்பாட்டாளர்கள் சுட்டினர். இரு நாட்டு மக்களுக்கு இருவேறு அளவுகோலா என்னும் இவ்வினாவே இரண்டாம் காணொளியின் மையம்.

7. எவர் குரல்?

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு கண்டது. மனிதநேய அடிப்படையிலான தொகை என்றே நிறுவனம் அதனைக் குறிப்பிட்டது. இவ்வெற்றியைக் காணொளிக்கே உரியதாகக் கூறுதல் பொருந்தாது. அதற்குமுன் 15 ஆண்டுப் போராட்டமும் பத்தாண்டு வழக்கும் உள்ளன. காணொளி செய்தது, மலைநகரொன்றின் வழக்கை இலண்டன் தலைமையகம் வரை கேட்கச் செய்ததே. அதற்கு ஆங்கிலமும் அமெரிக்கத் தாளமும் தக்க தேர்வுகளாயின. ஆனால் அதே தேர்வுகள், பாதரசத்தைக் கையாண்ட தொழிலாளியின் தமிழை முன்னணியிலிருந்து விலக்கின. எவரை நோக்கிப் பேசுகிறோம் என்பது தெளிவாகும்தோறும், எவர் பேசுகிறார் என்னும் வினாவும் கூர்மையடைகிறது.

முடிவுரை

குறைமுதலீட்டுப் படைப்பாளர் இசையைத் தேர்கையில் செலவு முதல் வினாவாகத் தோன்றினும், அது முடிவான வினாவன்று. கண்ணுக்குப் புலனாகாத மாசிற்குச் சொற்செறிவும், புலனாகும் அழிவிற்கு இராகத்தின் நிதானமும் பொருந்தின. இரவல் மெட்டு தொலைவு சென்றது. ஆயினும் அதன் நிலைபேறு பிறர் கையில் உள்ளது. சொந்த மெட்டுக்கு உழைப்பு மிகுதி. ஆயினும் அது படைத்தவர்க்கே உரியது. பழைய கீர்த்தனை மெட்டுகளும் நாட்டார் மெட்டுகளும் மூன்றாம் வழியாக எஞ்சியுள்ளன. உரிமைத் தடையும் அவற்றில் குறைவு; தொழிலாளர் தம் மொழியிலேயே உடன்பாடவும் இயலும். நந்தன் மெட்டைப் பாரதி எடுத்தாண்ட முறை இதற்கு முன்மாதிரியாக உள்ளது. பழனி மலையின் பாதரசத்தைப் பற்றிய பாட்டு அம்மலை மக்களின் வாயில் அவர்தம் மெட்டில் எழும்போது, இம்மூன்று காணொளிகளும் தொடங்கிய பணி முழுமைபெறும்.