வரைபடத்தில் ஒரு புள்ளி

டைட்டானியத்தோடு கொஞ்சம் நிக்கலும் மாலிப்டினமும் சேர்த்தால் சூடான உப்புநீரிலும் எளிதில் அரிக்கப்படாத உலோகம் கிடைக்கிறது. இதைக் கண்டறிந்த அமெரிக்க நிறுவனமான டைட்டானியம் மெட்டல்ஸ் காப்புரிமை கேட்டது. காப்புரிமை அலுவலகமோ 1970இல் வெளியான ஒரு ரஷ்யக் கட்டுரையைக் காட்டி மறுத்தது. அரிப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அதன் வரைபடத்தில் ஒரு புள்ளி, 0.75 சதவீத நிக்கலும் 0.25 சதவீத மாலிப்டினமும் கொண்ட டைட்டானியக் கலவையைக் குறித்தது. அந்தப் புள்ளியே போதும் என்று 1985இல் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கண்டுபிடித்தவரின் உழைப்பையோ நோக்கத்தையோ இங்கே யாரும் எடைபோடுவதில்லை. உரிமைகோரலின் வாசகம் எதையெல்லாம் தனதாக்கிக்கொள்கிறது என்பதே கேள்வி. முதல் கோரல் 0.6 முதல் 0.9 சதவீதம் வரை நிக்கல், 0.2 முதல் 0.4 வரை மாலிப்டினம் என்று கேட்டது. பழைய புள்ளி அதற்குள் விழுகிறது. வரம்புக்குள் பழைய கலவை ஒன்றே ஒன்று இருந்தாலும் கோரல் முழுவதும் புதுமையை இழக்கும். காப்புரிமை கொடுத்துவிட்டால், அந்தக் கலவையை நாளை உருக்கும் ஒருவர் அதை மீறியவர் ஆவார். ஏற்கெனவே வெளியானதைச் செய்தவரைத் தண்டிப்பது எப்படி நியாயமாகும்? தீர்ப்பு சரியென்றே நான் நினைக்கிறேன்.

புதுமை இல்லை என்று சொல்ல, கோரலில் உள்ள ஒவ்வொரு கூறும் ஒரே முந்தைய ஆவணத்தில் இருக்க வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தாலும், அந்தப் பொருளில் தவறாமல் அமைந்திருக்கும் பண்பு கணக்கில் சேரும். அரிக்கப்படாத தன்மை அப்படித்தான் சேர்ந்தது. ஆவணத்தைப் படித்தால் துறை அறிந்தவருக்குப் பொருளைச் செய்யவும் முடிய வேண்டும். கட்டுரையில் செய்முறை இல்லையே என்று நிறுவனத் தரப்பில் வாதிட்டார்கள். ஆனால் கட்டுரையில் உள்ள கலவைத் தகவலே தனக்குப் போதும் என்று நிறுவனத்தின் நிபுணரே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் கோரல் 0.8 நிக்கல், 0.3 மாலிப்டினம் என்று குறிப்பாகக் கேட்டது. புள்ளி அங்கே இல்லை, ஆகவே புதுமை தப்பியது. ஆனால் அவ்வளவு நெருங்கிய கலவை அதே குணம் காட்டும் என்று துறையினர் எதிர்பார்ப்பார்கள் என்பதால், வெளிப்படையானதா என்ற வேறொரு சோதனையில் அதுவும் விழுந்தது. இரண்டு ஆவணங்களை இணைத்துப் பார்க்கும் வாதமும் இந்தச் சோதனைக்கே உரியது.

பழைய பொருளில் புதுக் குணம் கண்டவர் அமெரிக்காவில் அதைப் பயன்படுத்தும் புது முறைக்கு உரிமை கேட்கலாம். ஆனால் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, அறிந்த பொருளின் வெறும் புதுப் பயன்பாட்டையும் ஏற்பதில்லை.