தெம்புவா தாழக் கூடு கட்டுமா?

“காரணம் இல்லாமல் தெம்புவா தாழக் கூடு கட்டுமா?” என்று மலாய்ப் பழமொழி ஒன்று கேட்கிறது. தமிழர் தூக்கணாங்குருவி என அழைக்கும் பறவையே தெம்புவா.

ஆண் குருவி புல்லையும் ஓலையையும் நீண்ட இழைகளாகக் கிழித்து வந்து, அலகால் பின்னிக் கூடு கட்டும். கூடு பாதி முடிந்ததும் பெண் குருவி வந்து பார்வையிடும். அதற்குப் பிடித்தால்தான் ஆண் குருவி எஞ்சிய பகுதியையும் குழாய் போன்ற நுழைவாயிலையும் கட்டி முடிக்கும். பாம்பு போன்ற எதிரிகள் எளிதில் எட்டாதவாறு, உயர்ந்த கிளையின் நுனியிலோ நீரின்மேல் தொங்கும் கிளையிலோ கூடு கட்டுவது அதன் வழக்கம்.

ஆனால், சில வேளைகளில் கூடு கைக்கெட்டும் உயரத்திலேயே தொங்கும். அதைக் கண்டால் அருகில் குளவிக்கூடு இருக்கும் என்பது கிராமத்துப் பெரியவர்களின் அனுபவ அறிவு. குளவிகளும் செவ்வெறும்புகளும் வாழும் மரங்களை இக்குருவி நாடுவதைப் பறவை ஆய்வாளர்களும் குறிப்பிட்டுள்ளனர். கொட்டும் குளவியே குஞ்சுகளுக்குக் காவல்!

வழக்கத்திற்கு மாறான செயலுக்குப் பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்பதே இப்பழமொழியின் பொருள். வயலோரப் புல்வெளிகளும் மரங்களும் அழிந்தால் தெம்புவாவின் கூடும் மறையும். கூட்டையே காணாத தலைமுறைக்கு, முன்னோர் கண்டறிந்த இந்த உண்மை வெறும் சொற்களாகவே எஞ்சும்.