செஞ்சி மலைகளின் உயரக் கட்டங்கள்: ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டை, கணினிக்குள் வெறும் உயர எண்களின் அடுக்கு. 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் அளவீட்டில் செஞ்சி அடங்கும் கோப்பு 'என்12இ079'. 3,601 வரிசை, வரிசைக்கு 3,601 எண்கள். ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் தரையில் சுமார் 30 மீட்டர்.

எச்ஜிடி வடிவில் உள்ள இந்தக் கோப்பில் எண்களைத் தவிர எதுவும் இல்லை. எந்த ஊர் என்பதைச் சொல்வது கோப்பின் பெயர் மட்டுமே; பெயரை மாற்றினால் செஞ்சி தொலைந்துபோகும். அதனாலேயே ஜியோடிஃப் வடிவுக்கு மாற்றுகிறார்கள். மூலையின் அட்சரேகை, தீர்க்கரேகை, கட்ட அளவு எல்லாம் அதில் எண்களோடு சேர்ந்தே பதிவாகும். ஆஸ்கி கட்டக் கோப்போ தலைப்பில் சில வரிகளும் கீழே எண்களுமாக, நோட்பேடிலேயே படிக்கக் கிடைக்கும்; பருமன்தான் கூடும். இந்த மாற்றங்களைச் செய்யும் இலவச மென்பொருள் ஜிடால், ஃபிராங்க் வார்மர்டாம் 1998இல் தொடங்கியது. கியூஜிஐஎஸ் செயலிக்குள்ளும் இயங்குவது அதுதான்.

பிழைகள் நுழையும் இடங்களை அறிந்துகொள்வது முக்கியம். ஒவ்வோர் உயரமும் இரண்டு பைட். எச்ஜிடியில் பெரிய பைட் முதலில் வரும். பைட்களின் வரிசையைத் தலைகீழாகப் படித்தால் 240 மீட்டர் உயரம் −4096 ஆகிவிடும். ரேடார் எதிரொலி சரியாகக் கிடைக்காத இடங்களுக்கு மூலக் கோப்பு −32768 என்ற அடையாள எண்ணை வைத்திருக்கும். அது 'தரவு இல்லை' என்பதைப் புதிய கோப்பிலும் அறிவிக்காவிட்டால் குன்றின் நடுவே பாதாளம் தோன்றும். சராசரி உயரமும் கெடும்.

சரிவைக் கணக்கிட, பாகையில் உள்ள கட்டங்களை மீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். மீட்டரில் அளக்கும் யூடிஎம் வரைபட முறையில் செஞ்சிக்கு உரியது 44ஆம் வட மண்டலம். அப்போது கட்டங்கள் புதிதாக அமைவதால் எண்களையும் மறுபடி கணிக்க நேரும். உயரத்துக்கு அண்டை எண்களைக் கலந்து எடுப்பது பொருந்தும். நிலப்பயன்பாட்டு வரைபடத்துக்கு அது கூடவே கூடாது: ஏரிக்கு 1, வயலுக்கு 2, காட்டுக்கு 3 என்றிருந்தால், ஏரியும் காடும் கலந்து வரும் 2 வயலாகிவிடும். அங்கே மிக அருகிலுள்ள எண்ணையே எடுக்க வேண்டும்.

எண் நிற்பது கட்டத்தின் மையத்திலா மூலையிலா என்பதும் கவனிக்கத்தக்கது. தவறினால் வரைபடம் அரைக் கட்டம், அதாவது 15 மீட்டர் நகரும். செங்குத்தான ராஜகிரிப் பாறையில் அது உச்சிக்கும் சரிவுக்கும் உள்ள தூரம்.

உச்சிக்குப் போகும் வழியில் பாலம் போட்டுக் கடக்கும் பாறைப் பிளவு சில மீட்டர் அகலமே. 30 மீட்டர் கட்டத்தில் அது பதிவாகவில்லை. 5 மீட்டர் கட்டமாக ஏற்றுமதி செய்தாலும் கோப்பு பெரிதாகுமே தவிர, பிளவு தெரியாது.