பரணில் கிடைத்த போர்க்கால குரூப் போட்டோ: அதில் இருப்பவர்கள் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

பெரம்பலூர் பக்கம் குரும்பலூரிலோ வேறு ஊரிலோ, தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால் இப்படி ஒரு போட்டோ கிடைக்கலாம். பின்னால் ஒரு போர் விமானம். முன்னால் சீருடையில் பத்துப் பதினைந்து இளைஞர்கள். ‘இதுதான் நம்ம தாத்தா’ என்று காட்ட வீட்டில் ஒருவர் இருப்பார். பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால் பதில் வராது.

அந்த மற்றவர்கள் ஏன் முக்கியம்?

1942 ஏப்ரல் 4. இலங்கையின் கொக்கலவில் இருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா விமானம், ஜப்பானியக் கப்பற்படை வருவதைப் பார்த்துவிட்டது. சுட்டு வீழ்த்தப்படும் முன்பே ரேடியோவில் தகவல் சொன்னது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பு தாக்கப்பட்டது. ஆனால் எச்சரிக்கை முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. விமானத்தின் தலைவரான கனடாக்காரர் லியோனார்ட் பர்ச்சாலை ‘சிலோனின் மீட்பர்’ என்று கொண்டாடினார்கள். உள்ளே இருந்ததோ 9 பேர். அவர்களில் 3 பேர் இறந்தார்கள், 6 பேர் போர்க்கைதிகள் ஆனார்கள். பர்ச்சாலைத் தவிர மற்ற 8 பேரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்திய விமானப் படையிலும் இதே கதைதான். 1933-ல் 6 அதிகாரிகள், 19 சிப்பாய்களோடு தொடங்கிய படை, போர்க்காலத்தில் சுமார் 28,500 பேராக வளர்ந்தது. அதில் அதிகாரிகள் ஏறக்குறைய 1,600 பேர்தான். மீதிப் பேரில் பெரும்பாலானவர்கள் இன்ஜின் பார்த்தவர்கள், குண்டு ஏற்றியவர்கள், ஒயர்லெஸ் கவனித்தவர்கள். அதனால் விமானத்தின் முன் நிற்கும் எல்லோரும் பைலட் என்று நினைத்துவிடக் கூடாது.

போட்டோவில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நெஞ்சுப் பக்கம். இரண்டு சிறகு பேட்ஜ் இருந்தால் பைலட். ஒற்றைச் சிறகு என்றால் விமானக் குழுவில் வேறு வேலை: ‘ஏ.ஜி.’ எழுத்து ஏர் கன்னருக்கு, ‘என்’ நேவிகேட்டருக்கு. ‘என்’ பேட்ஜ் 1942-ல்தான் வந்தது. ஆக, அது இருந்தால் போட்டோ அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

அடுத்து விமானத்தின் மீதுள்ள வட்டச் சின்னம். ஜப்பானின் சிவப்புச் சூரியனோடு குழம்பிவிடக் கூடாது என்று, இந்தியா - பர்மா களத்தில் போரின் நடுவில் சிவப்பு நடுப்புள்ளியை எடுத்துவிட்டார்கள். தொப்பிச் சின்னத்தில் பிரிட்டிஷ் கிரீடம் இருந்தால், 1950-ல் இந்தியா குடியரசு ஆவதற்கு முந்தைய படம் என்று பெரும்பாலும் நம்பலாம்.

எங்கே தேடுவது?

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ என்ற வரிசை இருக்கிறது. எந்தத் தேதியில், எந்த விமானத்தில், யார் யார் பறந்தார்கள் என்று ஸ்குவாட்ரன் வாரியாக எழுதிய பதிவுகள் அவை. தரையில் வேலை பார்த்தவர்கள் பெயர் அதில் பெரும்பாலும் வராது.

போரில் இறந்தவர்களை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் இருப்பவர்களும், உடல் கிடைக்காததால் சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டவர்களும் அதில் உண்டு. இந்திய அதிகாரிகள் பற்றி பாரத் ரக்ஷக் இணையதளத்தில் நிறையத் தகவல் இருக்கிறது.

தேடும்போது இதை மறக்க வேண்டாம்: பெரம்பலூர் மாவட்டம் 1995-ல் உருவானது. போர்க்காலத்தில் குரும்பலூர் திருச்சி ஜில்லாவில் இருந்தது. அதனால் பழைய காகிதங்களில் ‘டிரிச்சினாப்பொலி’ என்றுதான் தேட வேண்டும். நம் ஆட்களின் அப்பா பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கலாம். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது

போட்டோவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையோ பென்சில் குறிப்போ பின்னால் இருக்கலாம். லேமினேஷன் வேண்டாம். ஒரு பிரின்ட் எடுத்து ஒவ்வொரு முகத்துக்கும் நம்பர் போட்டு, வீட்டில் மூத்தவரிடம் கொடுத்துக் கேளுங்கள். அவர் சொல்வதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். காப்பகத்தை அடுத்த வருஷமும் தேடலாம். 90 வயதுப் பாட்டியிடம் இந்த வாரமே கேட்டுவிடுவது நல்லது.