துப்பாக்கிச் சூடு ஓய்ந்த பிறகு... போலீஸிடம் யார் கணக்கு கேட்பது? உவால்டி, தூத்துக்குடி, சென்னை: எளிய விளக்கம்

2022 மே 18. தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு பற்றி விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன், தன் இறுதி அறிக்கையைச் சென்னையில் முதலமைச்சரிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆறாவது நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உவால்டி என்ற சின்ன ஊரின் ஆரம்பப் பள்ளிக்குள் ஓர் இளைஞன் துப்பாக்கியோடு நுழைந்தான்.

இரண்டு சம்பவங்களுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அங்கே சுட வந்தவனைத் தடுக்க வேண்டிய போலீஸ் காத்து நின்றது. இங்கே போலீஸே சுட்டது. ஆனால், பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இதற்கு யார் பொறுப்பு? அந்தப் பொறுப்பை யார் நிலைநாட்டுவார்கள்?

உவால்டியில் நடந்தது என்ன?

2022 மே 24 அன்று ராப் ஆரம்பப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். சம்பவ இடத்துக்கு வந்த போலீஸார் மொத்தம் 376 பேர். அப்படியிருந்தும் கொலையாளி இருந்த வகுப்பறைக்குள் போலீஸ் நுழைந்து அவனைச் சுட்டு வீழ்த்த 77 நிமிடங்கள் ஆனது. அந்த நேரத்தில் உள்ளே இருந்த குழந்தைகள் அவசர எண்ணான 911-க்குப் போன் செய்து உதவி கேட்டபடி இருந்தார்கள். வெளியே பெற்றோர் கதறிக்கொண்டு நின்றார்கள்.

டெக்சாஸ் சட்டமன்றக் குழு இரண்டே மாதங்களில் அறிக்கை கொடுத்தது. பள்ளி மாவட்டக் காவல் துறையின் தலைவர் அதே ஆண்டு ஆகஸ்டில் பணிநீக்கம் செய்யப்பட்டார். அமெரிக்க நீதித் துறை 2024 ஜனவரியில் வெளியிட்ட விரிவான அறிக்கை, தலைமை, தகவல் தொடர்பு, பயிற்சி என்று எல்லா மட்டத்திலும் தோல்வி நடந்ததாகச் சொன்னது. 2024 ஜூனில்தான், அதாவது இரண்டு ஆண்டுகள் கழித்து, முன்னாள் போலீஸ் அதிகாரிகள் இருவர் மீது கிரிமினல் வழக்கு வந்தது. 376 பேரில் 2 பேர்.

அறிக்கை சீக்கிரம் வரும், வழக்கு மெதுவாக வரும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

சரி, நம்ம ஊரில்?

பள்ளிக்குள் புகுந்து கண்மூடித்தனமாகச் சுடுவது தமிழ்நாட்டில் நாம் பார்க்காத ஒன்று. ஆனால் ஓர் ஊரே நிலைகுலைந்து, போலீஸைப் பார்த்துக் கேள்வி கேட்ட சம்பவம் என்றால், சமீப காலத்தில் அது தூத்துக்குடிதான்.

ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாள், 2018 மே 22. மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணியாகப் போனார்கள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஒரு மாணவியும் அவர்களில் ஒருவர்.

மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட அரசு உத்தரவிட்டது. அதை 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஆலை நிர்வாகத்தின் மேல்முறையீட்டை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, ஆலை பற்றிய கேள்விக்கு நீதிமன்றத்தில் முடிவு கிடைத்துவிட்டது. சுட்டது பற்றிய கேள்வி வேறு பாதையில் போனது.

ஆணையம் என்ன சொன்னது?

நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபர் 18 அன்று சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. அதன் முக்கிய முடிவுகள்:

• சுட வேண்டிய அளவுக்குத் தூண்டுதல் இல்லை. தப்பி ஓடியவர்கள் மீதும் சுட்டிருக்கிறார்கள்.

• ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் 17 ரவுண்டு சுட்டிருக்கிறார்.

• அப்போதைய தென் மண்டல ஐ.ஜி. முதல் காவலர் வரை 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். அப்போதைய ஆட்சியர் உள்ளிட்ட வருவாய்த் துறையினர் மீதும் நடவடிக்கை வேண்டும்.

• இறந்தவர்களின் குடும்பங்களுக்கு தலா 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு?

அறிக்கை வெளியானதும் சிலர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள், துறை ரீதியான நடவடிக்கை அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே தலா 20 லட்சம் பெற்றிருந்த 13 குடும்பங்களுக்குக் கூடுதலாக தலா 5 லட்சம் அறிவிக்கப்பட்டது. ஆணையம் சொன்ன தொகையில் இது பாதிதான்.

கிரிமினல் வழக்கை 2018 ஆகஸ்டிலேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிபிஐ-யிடம் ஒப்படைத்துவிட்டது. சிபிஐ தாக்கல் செய்த இறுதி அறிக்கையில் போலீஸ் தரப்பில் குற்றம்சாட்டப்பட்டவர் ஒரே ஒரு இன்ஸ்பெக்டர். ஆணையம் 17 பேரைச் சுட்டிக்காட்டிய அதே சம்பவத்தில்தான் இந்த நிலை. இதை எதிர்த்துப் பாதிக்கப்பட்டோர் தரப்பு நீதிமன்றப் படியேறியது.

தேசிய மனித உரிமை ஆணையமும் 2018 மே மாதமே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஆனால், அதே ஆண்டு அக்டோபரில் அந்த வழக்கை முடித்துக்கொண்டது. அந்த முடிவும் பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானது.

அறிக்கை வந்தும் தண்டனை ஏன் வரல?

இங்குதான் பலருக்கும் குழப்பம். காரணங்கள் மூன்று.

ஒன்று: விசாரணை ஆணையம் நீதிமன்றம் கிடையாது. 1952-ம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி அது உண்மையைக் கண்டறிந்து அரசுக்குப் பரிந்துரை செய்யும், அவ்வளவுதான். அறிக்கையையும் எடுத்த நடவடிக்கை விவரத்தையும் ஆறு மாதத்துக்குள் பேரவையில் வைக்க வேண்டும். பரிந்துரையை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை. ஆணையத்தில் ஒருவர் சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிராகக் கிரிமினல் வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்தவும் முடியாது. போலீஸ் அல்லது சிபிஐ முதலில் இருந்து ஆதாரம் திரட்டியாக வேண்டும்.

இரண்டு: முன் அனுமதி. பணியின்போது செய்த செயலுக்காக உயர் அதிகாரி ஒருவர் மீது வழக்கு நடத்த அரசின் அனுமதி தேவை. கூட்டத்தைக் கலைக்கும்போது நடந்த செயலுக்குத் தனிப் பாதுகாப்பும் சட்டத்தில் உண்டு. பழைய சட்டத்தில் அனுமதிக் கோப்பு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கிடக்கலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-வது பிரிவு இதில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. அரசு 120 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும்.

மூன்று: போலீஸ் மீதான புகாரை விசாரிப்பது யார்? 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் போலீஸ் புகார் ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2013-ல் வந்த காவல் சீர்திருத்தச் சட்டமோ, உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் டிஜிபி-யை உறுப்பினராகவும் வைத்தது. போலீஸ் மேல் உள்ள புகாரை போலீஸின் தலைமையே உட்கார்ந்து பார்த்தால் எப்படி என்ற விமர்சனம் அன்றிலிருந்தே இருக்கிறது.

வேகமாக நடந்த வழக்கே இல்லையா?

இருக்கிறது, அதுவும் சென்னையிலேயே. 2011 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. தீவுத்திடல் அருகே உள்ள ராணுவ அதிகாரிகள் குடியிருப்பு வளாகத்துக்குள் பாதாம் கொட்டை பொறுக்கப் போன 13 வயது சிறுவன் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தான். பக்கத்துக் குடிசைப் பகுதியைச் சேர்ந்த பையன். மக்கள் திரண்டு போராடினார்கள். தங்கள் காவலர்கள் யாரும் சுடவில்லை என்று ராணுவத் தரப்பு முதலில் மறுத்தது.

வழக்கு சிபிசிஐடி-க்கு மாறியது. ஒரே வாரத்தில், அந்த வளாகத்தில் வசித்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி கைது செய்யப்பட்டார். கூவத்தில் வீசப்பட்ட துப்பாக்கியும் மீட்கப்பட்டது. 2012 ஏப்ரல் 20 அன்று விரைவு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சம்பவம் நடந்து பத்து மாதத்துக்குள் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு!

வித்தியாசம் எங்கே? குற்றம்சாட்டப்பட்டவர் பணியில் இல்லை, அன்று கடமையையும் செய்யவில்லை. முன் அனுமதி என்ற கதவு குறுக்கே வரவில்லை. விசாரித்த அமைப்புக்கும் அவருக்கும் துறை ரீதியான உறவு இல்லை. சுட்டவர் யார், விசாரிப்பவர் யார் என்ற இரண்டும் வேறு வேறாக இருந்தால் வழக்கு நகரும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஊர் மீண்டு வருவது எப்படி?

இழப்பீடு கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. தூத்துக்குடியில் பல குடும்பங்களுக்கு அடுத்த பெரிய பயம் வழக்குகள்தான். பிள்ளை மேல் போலீஸ் கேஸ் இருந்தால் கல்லூரி, வேலை, பாஸ்போர்ட் எல்லாமே சிக்கல். ஆணையம் 2021 மே மாதம் கொடுத்த இடைக்கால அறிக்கைக்குப் பிறகு, சிபிஐ வசம் உள்ளவை போன்றவற்றைத் தவிர்த்து, போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளை அரசு திரும்பப் பெற்றது. இழப்பீட்டைப் போலவே இதுவும் மீட்சியின் ஒரு பகுதிதான்.

உவால்டியில் பிள்ளைகள் அந்தப் பழைய பள்ளிக் கட்டிடத்துக்குத் திரும்பவே இல்லை. 2024 மே மாதம் நகர நிர்வாகம் குடும்பங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டில், 20 லட்சம் டாலர் பணத்தோடு வேறு சில உறுதிகளும் இருந்தன: போலீஸ் பயிற்சியை மாற்றுவது, மே 24-ஐ நினைவு நாளாக அனுசரிப்பது, நிரந்தர நினைவிடம் அமைப்பது. தப்பு நடந்தது என்று ஊர் நிர்வாகம் வெளிப்படையாக ஒப்புக்கொள்வதும் காயத்துக்கு மருந்துதான்.

அதிர்ச்சியில் இருந்து வெளியே வர முடியாமல் தவிப்பவர்கள், குழந்தைகள் உட்பட, 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

சென்னையில் போலீஸ் மீது புகார் என்றால் எங்கே போவது?

• ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால், அதையே எழுதி துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றுக்கும் தனித்தனி துணை ஆணையர்கள் இருக்கிறார்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை நாடலாம்.

• மாநில மனித உரிமை ஆணையம் கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் கிடையாது. ஆனால் சம்பவம் நடந்த ஓர் ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது.

• ஸ்டேஷனுக்குள் நடந்த சம்பவம் என்றால் சிசிடிவி பதிவை உடனே எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2020-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. தாமதித்தால் ஆதாரம் அழிந்து போகலாம்.

• மருத்துவமனைச் சீட்டு, போட்டோ, வீடியோ, பார்த்தவர்களின் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே குறித்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று

ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு "ஆணையம் அமைப்பு", "அறிக்கை தாக்கல்", "இழப்பீடு அறிவிப்பு" என்று செய்திகள் அடுத்தடுத்து வரும். அவை எதுவும் வழக்கின் முடிவு இல்லை. அடுத்த முறை இப்படி ஒரு தலைப்புச் செய்தியைப் பார்த்தால் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: குற்றப்பத்திரிகையில் எத்தனை பேர்? அரசு அனுமதி கிடைத்ததா? விசாரணை எந்த நீதிமன்றத்தில், எந்தக் கட்டத்தில் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் வரும்வரை அந்தக் குடும்பங்கள் காத்துக்கொண்டுதான் இருக்கின்றன.